உங்களை வீடு கொண்டுவந்து சேர்த்த விவரம்

பெருமாநல்லூர் வழி,
14-3-89

என் சினிமாக்கார மாமோய்,

உங்கள் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டு மாரக்காள் எழுதிக்கொண்டது. இங்கே நானும், மடத்துக்குளத்திலிருந்து வந்து இன்னும் திரும்பிப் போகாத உங்கள் மகள் வேலாத்தாளும், சினை எருமையும் சுகம். நேற்றோடு பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஒறம்பரைச் சொந்தபந்தம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வடை கொஞ்சம் கல்லாகிவிட்டது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் உங்கள் சுகத்தை விசாரித்து எழுதவேண்டும். செத்தவரிடம் அதை எப்படி விசாரிப்பதென்று மூன்றாங்கிளாஸ் வரைக்கும் சொல்லித்தரவில்லை, நான் படித்ததும் அதுவரைக்கும்தான், அதனால் தாண்டிப் போகிறேன்.

கடுதாசி எதற்கென்றால், ஊரில் எருமைக்குக்கூடத் தெரிந்த ஒரு சேதி உங்களுக்கு மட்டும் தெரியாது. நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள். சிரித்துக்கொண்டே போனவருக்கு அது எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு நடந்த கூத்தும் தெரியாது. இருபத்தாறு வருசமாகப் பனியன் கம்பெனியில் எவள் எவளோடு சண்டை போட்டாலும், எந்த மிஷினில் எவன் விரலைக் குத்திக்கொண்டாலும், பொழுது சாயும்போது உங்களிடம் கொட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். இது எத்தனை பெரிய கூத்து! அதில் நடு நாயகமாக உட்கார்ந்திருந்தது நீங்கள்! உங்களிடம் சொல்லாமல் பதினாறு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு நாள் போனால் என் மண்டை வெடித்துவிடும் மாமா.

உங்களுக்கு நினைவிருக்கும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. கம்பெனி மெட்டடோர் ஓட்டுகிற மருதாசலம் முதலிபாளையத்தில் பனியன் பண்டல் இறக்கிவிட்டு, வண்டியை அப்படியே நம் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, “மாஸ்டரண்ணா, உங்க டைரக்டரு படம் மாட்னி போட்டிருக்கறானுங்க, கெளம்புங்க” என்றான். நீங்கள் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடினீர்கள். ஒரு படம் விடாமல் நீங்கள் பார்க்கிற அந்த டைரக்டர் இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் கத்தி, மாடிப்படி, கிறீச்சென்று திறக்கிற கதவு. அவர் படம் பார்த்த வாரமெல்லாம் ராத்திரியில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிக்குப் போக நீங்கள் என்னைத் துணைக்குக் கூப்பிடுவீர்கள். அப்பேர்ப்பட்டவர் முதல் தடவையாகச் சிரிப்புப் படம் எடுத்திருந்தார், அதுவும் பிணத்தை வைத்து. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாத்தா செத்துப்போகிறார், வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும், அதனால் அவருக்கு நெற்றி நிறையச் சந்தனம் பூசிப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கிப் போகிறான். எனக்கு வந்தது கோபம். “செத்தவரை வெச்சுக் கூத்தடிக்கறாங்களே, இவனுகளுக்கெல்லாம் ஊட்ல பெரியவங்களே இல்லையா?” என்று கேட்டேன். நீங்கள் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்து, “பாரு மாரா, தாத்தாவுக்குப் பாயசம் குடுக்கறான் பாரு” என்றீர்கள். நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வேலாத்தாள் கேட்டபோது, “முருகா என்றார்” என்று சொல்லிவைத்திருக்கிறேன், நீங்களும் அதையே சொல்லிவிடுங்கள்.

இடைவேளை விட்டார்கள், லைட் போட்டார்கள். நான் போய்ப் போண்டா வாங்கிவந்து உங்கள் கையில் வைத்தேன். உருண்டு கீழே விழுந்தது. நீங்களோ வெறும் திரையைப் பார்த்து வாய் திறந்து சிரித்தபடி இருந்தீர்கள். “படந்தான் நின்னுபோச்சே, இன்னும் என்ன இளிப்பு?” என்று தோளில் ஒரு இடி இடித்தேன். அதற்காக என்னை மன்னிக்கவேண்டும். நீங்கள் மருதாசலத்தின் பக்கமாகச் சாய்ந்தீர்கள், அவன் “என்னங்ணா” என்று நிமிர்த்திவிட்டான், நீங்கள் என் பக்கமாகச் சாய்ந்தீர்கள். பின்வரிசையில் ஒரு கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார், அவர் எட்டி உங்கள் கழுத்தில் கையை வைத்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்து, “போயிட்டாருங்க. கால்மணி நேரம் ஆயிருக்கும். வலி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, நெஞ்சு சட்டுனு நின்னுபோச்சு” என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “அம்மா, சத்தம் போட்டீங்கன்னா தியேட்டர்க்காரன் போலீசக் கூப்புடுவான், பொறவு அறுத்துத்தான் குடுப்பாங்க, பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு, மணியடித்ததும் தன் இடத்தில் போய் உட்கார்ந்து மீதிப் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மாமா, நான் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். போலீசுக்குப் பயந்தில்லை. பாலம் நினைவுக்கு வந்துவிட்டது. வெளியில் உயிர் போனவரைப் பாலம் தாண்டி ஊருக்குள் கொண்டுவரக்கூடாது என்பது நம் ஊர்க் கட்டு. இரண்டு வருசத்துக்கு முன்னால் நம் ஊர் மருதாளின் புருஷன் ராமர் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் விழுந்து செத்தபோது என்ன ஆனது? மருதாள் டெம்போவில் கொண்டுவந்தாள். ஐப்பசி மழை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு தென்னங்கீற்றைச் சாய்த்து, அதன் கீழே போட்டு, அங்கிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஈரக் கோடித்துணியைப் பிழிந்து பிழிந்து போர்த்தினாள் அவள். “பாவம், கட்டின ஊட்டுக்கு ஒரு நாழி கொண்டுபோவட்டும்” என்று இரண்டு பேர் சொன்னபோது, எழுந்து நின்று, “கட்டுன்னா எல்லாத்துக்கும் கட்டுதானுங்க, நாளைக்கு நானே செத்தாலும் இதே பாலந்தான்” என்று ஞாயம் பேசியது யார்? நீங்கள்தான். ஊரே கைதட்டாத குறை. நீங்கள் சொன்ன நாளை வந்தேவிட்டது. நீங்கள் கல் சுமந்து, தண்ணீர் விட்டு, சிவப்புத் தரை போட்டு, நான் காலில் மண்ணோடு வந்தால் திட்டுவீர்களே, அந்த வீட்டுக்குள் நீங்கள் போக முடியாதாம். உங்கள் கட்டு உங்களுக்கே வேலி போட்டுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆங்காரம் வந்தது. “மருதாசலம், இவரு இன்னும் சாகலை. ஊட்ல போய்த்தான் சாவாரு. தூக்கு” என்றேன்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். “அக்கா, வேண்டாங்க. பனியன் ஏத்தற வண்டிங்க அது.”

“இத்தனை வருசம் அந்தப் பனியனையெல்லாம் வெட்டுன ஆளுடா இவரு. ஒரு நாள் ஏறக்கூடாதா?”

“அண்ணனே இறுக்குன கட்டுங்களே அக்கா?”

“அண்ணன் இறுக்குனாரு, அண்ணி அவுக்கறா. காலைப் புடி.”

விளக்கு அணைந்து, திரையில் அந்தத் தாத்தாவுக்கு மறுபடி சந்தனம் பூச ஆரம்பித்தார்கள். எல்லாரும் சிரிக்கிற சமயம் பார்த்து நாங்கள் ஆளுக்கு ஒரு கையைத் தோளில் போட்டுக்கொண்டு உங்களை நடத்தினோம். நடத்தினோம் என்பது மரியாதைக்கு. உங்கள் கால் இரண்டும் பின்னால் கோடு போட்டுக்கொண்டே வந்தது, ஒரு செருப்பு தியேட்டரிலேயே போய்விட்டது. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், “ஏனுங்க, படம் புடிக்கலீங்களா, பாதியில போறீங்க?” என்றார். நான், “வயித்து வலிங்க” என்றேன். அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, “போண்டா தின்னாருங்களா? அதத் திங்காதீங்கன்னு வாரவங்க எல்லாத்துக்கும் சொல்றனுங்க, ஒருத்தரும் கேக்கமாட்டீங்கறாங்க” என்று சொல்லி, நல்ல மனுசர், வண்டிக் கதவைத் திறந்தும் விட்டார்.

முன் சீட்டில் நடுவில் உங்களை உட்காரவைத்தோம். தலை நிற்கவில்லை. பின்னால் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கிடந்தது. உங்கள் கையால் வெட்டிய துணியின் ஓரங்கள்தான், வெள்ளையும் ரோஸும். அதில் நீளமான நாடாக்களை எடுத்து, மார்போடு ஒரு சுற்று, நெற்றியோடு ஒரு சுற்று, சீட்டோடு சேர்த்துக் கட்டி, மேலே உங்கள் துண்டால் தலைப்பாகை சுற்றி மறைத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தீர்கள். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. வாயை மூடிப் பார்த்தேன், மறுபடி திறந்துகொண்டது. சரி, சிரித்த முகமாகவே வரட்டும் என்று விட்டுவிட்டேன். தியேட்டரில் திட்டினேனே அந்தக் கூத்து, அதையே நான் என் கையால் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உங்கள் டைரக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும், அவரும் அந்தப் பக்கம் வந்தால்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஏறினோமோ இல்லையோ, எதிரில் மொதலாளியின் பியட் கார். கையை நீட்டி நிறுத்திவிட்டார். மருதாசலம் முருங்கைக்காய் மாதிரி விறைத்துப்போனான். வண்டியைச் சொந்த வேலைக்கு எடுத்ததற்கு அவனுக்குக் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். மொதலாளி அவனைப் பார்க்கவே இல்லை, உங்களைப் பார்த்தார். “ஏனுங்க மாஸ்டர், நல்ல சமயத்துல மாட்டுனீங்க. செவ்வாக்கெழம ஷிப்மெண்டு. நாளைக்கி ஒண்ணரை ஷிப்டு நின்னு வெட்டிக் குடுத்தரோணுமுங்க” என்றார். நீங்கள் சிரித்தபடி இருந்தீர்கள். “என்னங்க, சிரிச்சா எப்பிடீங்க? வருவீங்களா, மாட்டீங்களா?” நான் வாயைத் திறக்குமுன் மருதாசலத்தின் கால் பயத்தில் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி ஒரு குதி குதித்தது. பனியன் நாடா இழுபட, உங்கள் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. “அப்பிடிச் சொல்லுங்க! மாஸ்டர் தலையாட்டிட்டா ரெண்டு பேச்சில்லை” என்று மொதலாளி சந்தோசமாகப் போய்விட்டார். மறுநாள் எழவுக்கு மாலையோடு வந்தவர் என்னிடம், “நேத்து நாலு மணிக்குத்தான் என்றகிட்ட வாரேன்னு தலையாட்டுனாருங்கம்மா, அதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சே” என்று கண் கலங்கினார். கெட்ட மனுசர் இல்லை மாமா. உங்கள் கத்தரிக்கோலை இன்னும் வேறொருத்தன் கையில் கொடுக்கவில்லையாம்.

பெருமாநல்லூரில் நிற்காமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தோம். டீக்கடை முன்னால் மாடு குறுக்கே படுத்திருந்தது. மாட்டைத் துரத்த மருதாசலம் இறங்க, அந்தப் பக்கமாக யார் ஏறியது என்கிறீர்கள்? ராக்கையா! நம் காட்டை ஒட்டிய காட்டுக்காரர், வண்டித்தடத்துக்காக ஏழு வருசமாக நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். பின்னால் காலிச் சாக்கில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே முன்சீட்டில் நீங்கள் இருப்பது தெரிந்தது. இறங்கவும் கூச்சம், இருக்கவும் கூச்சம். ஒரு மைல் வரைக்கும் செருமிக்கொண்டே வந்தார். பிறகு, “சென்னியண்ணா, சொகந்தானுங்க?” என்றார். நீங்கள் பேசவில்லை. “ஏழு வருசமா மூஞ்சி குடுக்காம இருந்தது தப்புத்தானுங்க.” நீங்கள் பேசவில்லை. “தடத்துல ரெண்டு அடி என்ற நெலந்தான், ஒரு அடி விடறனுங்க.” நீங்கள் பேசவில்லை. மருதாசலம் முருகன் பேராக முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுகிறான். ராக்கையாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தை பேசமாட்டீங்கறீங்களே அண்ணா! சேரி, ரெண்டு அடியும் எடுத்துக்கங்க. வண்டி ஓட்டுங்க, டிராக்டர் ஓட்டுங்க. அண்ணி, நீங்க சாட்சி!” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காட்டுப் பக்கம் இறங்கிப் போனார். ஏழு வருசம் நீங்கள் வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினீர்கள், தாசில்தாருக்கு மனுக் கொடுத்தீர்கள், ஒரு விரற்கடை நகரவில்லை. வாயை மூடிக்கொண்டு நாலு மைல் வந்தீர்கள், தடம் முழுக்க வந்துவிட்டது! வாயை மூடினால் காரியம் ஆகும் என்று சாவதற்கு முன்னாலேயே நான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்ன சொல் மாறவில்லை, பத்தாம் நாள் அவரே எல்லைக் கல்லைப் பிடுங்கி, தன் காட்டுப் பக்கமாக அக்கட்டால தள்ளி நட்டுவிட்டார்.

ஒரு சேதி உங்களுக்கு மட்டும். ராக்கையா இறங்கின பிறகு நெற்றிக் கட்டு அவிழ்ந்து உங்கள் தலை என் தோளில் வந்து விழுந்தது. எடுத்துக் கட்டியிருக்கலாம். நான் கட்டவில்லை. இத்தனை வருசத்தில் பஸ்ஸில் எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம், ஒரு நாளும் நீங்கள் என்மேல் சாய்ந்ததில்லை, நான் சாய்ந்தாலும் “நாலு பேர் பாக்கறாங்க” என்று நகர்ந்துகொள்வீர்கள். அன்றைக்கு நாலு பேர் இல்லை. இரண்டு பக்கமும் சோளக்காடு. பாலம் வருகிற வரைக்கும் அப்படியே வந்தோம்.

பாலம் வந்தது, வண்டி நின்றுபோனது. பாலத்துக்கு அந்தப் பக்கமே, ராமரைப் போட்டார்களே, அதே இடத்துக்கு நாற்பது அடி தள்ளி. மருதாசலம் சாவியைத் திருகுகிறான், வண்டி இருமுகிறது, கிளம்பமாட்டேன் என்கிறது. நான் எல்லாச் சாமியையும் திட்டி முடித்துவிட்டேன். பாலத்துக் கட்டையில் ஊர்ப்பெரியவர் சுப்பண்ணன் இன்னும் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார், எல்லாரும் எழுந்து வந்தார்கள். தலையைச் சட்டென்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

“என்னாச்சுங்க?”

“தள்ளோணுமுங்க” என்றான் மருதாசலம்.

“தள்ளீட்டாப் போச்சு. சென்னியப்பா, வா, எறங்கு. நீ கை வெச்சா வண்டி தானாப் போவும்.”

நீங்கள் இறங்கவில்லை. ஊரில் யார் வண்டி நின்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடுகிறவர் நீங்கள். “என்னடா, பெரிய மனுசன் ஆயிட்டியா? நாங்க தள்ளோணும், நீ உக்காந்து சிரிக்கோணுமா?” என்று கேட்டுக்கொண்டே சுப்பண்ணன் ஜன்னல் பக்கம் வந்தார். நான் “காய்ச்சலுங்க, காய்ச்சலுங்க” என்று சொன்னேன், சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன், சத்தம் வெளியே வரவில்லை. அப்போதுதான் ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு மருதாள் வந்தாள்.

மாமா, ஊரில் ஆயிரம் பேர் இருக்க, அந்த இடத்துக்கு அவளா வரவேண்டும்? கூட்டத்தைப் பார்த்து நின்றாள். சுப்பண்ணனுக்கு முந்தி ஜன்னலுக்குள் கையை விட்டு, என்னைத் தாண்டி உங்கள் கையைத் தொட்டாள். எடுக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தாள், தலைப்பாகையைப் பார்த்தாள், மார்பில் இருந்த ரோஸ் நாடாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஈரக் கீற்றுக்கு அடியில் விடிகிற வரைக்கும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அல்லவா? ஒரே ஒரு வார்த்தை, “போயிட்டாருங்க” என்று அவள் சொன்னால் போதும். சொல்ல அவளைவிட உரிமை உள்ளவள் யார்? நான் அவளை வேண்டாம் என்று கும்பிடக்கூட முடியவில்லை, இரண்டு கையும் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி, தொண்டை எட்டுமட்டும், “அய்யோ, மேலு அனலாக் கொதிக்குதுங்க! கண்ணு சொருகுது! நின்னு ஞாயம் பேசறீங்களே, வெசையாத் தள்ளுங்க!” என்று கத்தினாள்.

ஐஸ் மாதிரி இருந்த கையைத் தொட்டுவிட்டு! சுப்பண்ணன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் நின்றார். எல்லாரும் தள்ளினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். மருதாளும் ஆட்டைப் போட்டுவிட்டு நடுவில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். “ஏலேலோ” என்று ஒருவர் குரல் கொடுத்தார். கர் என்று வண்டி பிடித்துக்கொண்டது. நீங்கள் பாலத்தைத் தாண்டினீர்கள் மாமா. ஊரே சேர்ந்து தள்ளித் தாண்டினீர்கள்!

அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். மூன்று பேருமாகத் தூக்கி, சிவப்புத் தரை வழியாக (என் காலில் மண் இருந்தது, மன்னிக்கவும்) உங்கள் கட்டிலில் படுக்கவைத்தோம். நாடாவை எல்லாம் அவிழ்த்து நான் அடுப்பில் போட்டேன். மருதாள் பால் கொண்டுவந்தாள். ஒரு சங்கு ஊற்றியாயிற்று. “இப்ப அழுங்க அக்கா, வெளியில வந்துட்டாங்க” என்றாள். மாமா, அழுகை வரவில்லை! அடக்கி அடக்கி வந்ததில் அது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. மொதலாளியிடம் நீங்கள் தலையாட்டியது நினைவுக்கு வந்து, வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்க அடக்கக் குலுங்குகிறது. வாசலில் செருப்புச் சத்தம். மருதாள் என் விலாவில் சதையோடு சேர்த்து ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், “அய்யோ மாமா!” என்று ஊர் கேட்கக் கத்தினேன், பிறகு நிறுத்தவே முடியவில்லை. நல்ல சாவு, சொந்த வீட்டில், பெண்டாட்டி கையால் பால் குடித்து, என்று எல்லாரும் சொன்னார்கள். கிள்ளிய இடம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு அவளிடம் கேட்டேன். “ஏன் மருதா? அவரு உனக்குப் பண்ணுனதுக்கு…” அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “என்ற ஊட்டுக்காரரு நனைஞ்சாருங்க. அதுக்காக இவரும் நனையோணுமுங்களா?” என்றாள்.

ஆக மாமா, நீங்கள் இறுக்கிய கட்டை நான் ஒருத்தி, மூன்றாங்கிளாஸ் படித்தவள், ஏமாற்றிவிட்டேன். நம் ஊர் ஊரானதிலிருந்து ஒருத்தரும் செய்யாததைச் செய்து, உங்களை உங்கள் வீட்டிலிருந்து எடுத்து அனுப்பினேன். தப்பென்று உங்களுக்குக் கோபம் இருந்தால் கனவில் வந்து திட்டவும், சந்தோசம் என்றாலும் வரவும். எப்படியோ வந்தால் சரி. உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் கும்பிடு. ராமரைப் பார்த்தால் அவருக்கு இரண்டு கும்பிடு, ஒன்று என் கணக்கில், ஒன்று உங்கள் கணக்கில். வேலாத்தாளுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க அங்கிருந்தே கை தூக்கவும். போகிற இடத்தில் செருப்பு ஒன்றுதான் இருக்கும், முள்ளுப் பார்த்து நடக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் பாதியில் எழுந்து வந்த,
மாரக்காள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டேன். இன்றைக்குச் சுப்பண்ணன் சம்சாரம் தெய்வாத்தாள் வந்தார்கள், மோர் குடித்தார்கள், கிளம்புகிற சமயத்தில் சிரித்துக்கொண்டே, “மாரா, நாங்க ஒண்ணும் தெரியாத பாப்பானு நெனச்சுட்டியாக்கும்?” என்றார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. “அட, பயப்படாத அம்மிணி. பாலத்துல கேக்கறதே ஒரு பேச்சுக்குத்தான். உசுரு இருக்குதான்னு கேப்போம், இருக்குதுங்கன்னா முடிஞ்சுது, உள்ள எட்டிப் பாக்கறமா? என்ற மாமியா வாயில வெத்தலையோட கார்ல வந்தா. மணியகாரரு ஊட்டு அம்மா விசிறி வீசிக்கிட்டே வந்தா. எல்லாம் அந்தப் பக்கமே போன உசுருதான். அந்த மருதா ஒருத்திதான் விவரங்கெட்டவ, கேட்டதுக்கு ‘இல்லீங்க, போயிட்டாரு’ன்னு அழுதுபோட்டா. வாயில சொல்லிப்போட்டா பொறவு எப்பிடி உள்ள உடறது?” என்றார்கள். “உன்ற மாமனாரும் அப்பிடித்தான் வந்தாரு, உனக்குத் தெரியாதா?” என்றும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தெரியாது மாமா. எட்டு வருசத்துக்கு முன்னால் உங்கள் அப்பாவைக் கோயமுத்தூர் ஆசுபத்திரியிலிருந்து அம்பாசிடரில் கொண்டுவந்தீர்கள். நான் வாசலில் பாலோடு நின்றேன். “சீக்கிரம் ஊத்து மாரா, உசுரு ஊசலாடுது” என்றீர்கள், ஊற்றினேன், இரண்டு கடைவாயிலும் வழிந்துவிட்டது, சூடு அதிகமோ என்று இத்தனை நாளும் என்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலைமாட்டில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது நீங்கள். கோயமுத்தூரிலிருந்து பாலம் வரைக்கும், பாலத்திலிருந்து வாசல் வரைக்கும், கை இறக்காமல் பிடித்திருந்தீர்கள். அந்தப் பாட்டிலில் சொட்டு இறங்கியதா, நின்றுபோயிருந்ததா, அது உங்களுக்குத்தானே தெரியும்? தெரிந்தேதான் ராமரை மழையில் போடச் சொன்னீர்களா மாமா?